39 நிமிடமும் 9 நிமிடமும்: ஒரே மாத்திரை, இரண்டு உடல்கள்

என்டகபோன் என்றொரு மாத்திரை இருக்கிறது. பார்க்கின்சன் நோயாளி அதை மட்டும் விழுங்கினால் ஒரு பலனும் கிடையாது. நடுக்கம் குறையாது, விறைப்பு தளராது. இந்த நோய்க்கான முதன்மை மருந்தான லீவோடோபா மாத்திரையோடு சேர்த்துப் போட்டால்தான் அதற்கு வேலை. உள்ளே போன லீவோடோபா இரத்தத்திலேயே சிதைந்துபோகாமல் அது பார்த்துக்கொள்ளும். வயலுக்குப் போகிற வாய்க்காலில் நண்டு வளையை அடைக்கிற மாதிரியான வேலை இது. தண்ணீரை அது கொண்டுவருவதில்லை. வருகிற தண்ணீர் வழியிலேயே ஒழுகிவிடாமல் தடுக்கிறது.

ஆனால் எல்லார் வரப்பிலும் வளை ஒரே அளவில் இருப்பதில்லை. சிலர் உடலில் லீவோடோபா மளமளவென்று சிதைகிறது, சிலர் உடலில் மெதுவாக. சாப்பாட்டாலோ பழக்கத்தாலோ வந்த வித்தியாசம் அல்ல இது. அம்மா அப்பாவிடமிருந்து வந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் வந்தது. அந்த ஓர் எழுத்து என்டகபோனின் பலனை மாற்றுமா? பாரிஸ் நகரின் பிற்றியே-சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ழான்-கிறிஸ்தோஃப் கொர்வோலும் அவருடைய குழுவினரும் 33 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2011-ல் ‘அன்னல்ஸ் ஆஃப் நியூராலஜி’ இதழில் வந்தது. பார்க்கின்சன் மருந்தும் மரபணுவும் சந்திக்கிற இடத்தை இவ்வளவு துலக்கமாகக் காட்டுகிற நிகழ்வு வேறொன்றை நான் படித்ததில்லை. அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மருத்துவமனைக்கும் இந்த நோய்க்கும் பழைய உறவு உண்டு. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ‘நடுக்குவாதம்’ பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது பல காலம் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்தது. சால்பெத்ரியேரில் பணிபுரிந்த ழான்-மார்ட்டின் ஷார்கோதான் அந்த நோயைக் கூர்ந்து பிரித்துக் காட்டி, அதற்குப் பார்க்கின்சன் பெயரையே வைத்தார். அன்று அவர் கையிலிருந்த மருந்து பெல்லடோனா வகைச் செடிகளிலிருந்து எடுத்த சாரம். இன்றைக்கு நம் மருந்துக்கடைகளில் கிடைக்கிற டிரைஹெக்ஸிஃபெனிடில் அந்த வழியில் வந்த மருந்துதான்.

மருந்து மூளைக்குப் போகும் வழி

சோதனையைப் புரிந்துகொள்ள லீவோடோபாவின் பயணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சிறு கருநிறப் பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள், உடலசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அவை செத்துக்கொண்டே வருவதுதான் பார்க்கின்சன் நோய். அப்படியானால் டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? கொடுத்தால் மூளைக்குள் போகாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கிற தடுப்பு அதை விடாது. டோபமைனின் முந்தைய வடிவமான லீவோடோபாவை விடும். ஸ்வீடன் நாட்டு அர்விட் கார்ல்சன், மருந்து கொடுத்து அசைவற்றுப்போன முயல்கள் டோபா ஊசி போட்டதும் எழுந்து நடமாடியதை 1957-ல் காட்டினார். வியன்னாவில் ஓலே ஹார்னிகிவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதை 1960-ல் கண்டார். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் வாய்வழியாகக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் கூட்டி, நோயாளிகளை நடக்கவைத்தார்.

இதில் நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இதற்கெல்லாம் 20 ஆண்டுகள் முன்பே, 1937-ல், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமஸ்வாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லீவோடோபாவைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். அது எந்த நோய்க்கு மருந்தாகப் போகிறது என்று அன்று உலகில் யாருக்கும் தெரியாது. (இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலிப் பொடியைத் தேடிப் போக வேண்டாம். அதில் மருந்து உண்மையாகவே இருக்கிறது, ஆபத்தும் அதுதான். ஒரு கரண்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது பொடிக்குப் பொடி மாறும். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவருக்கு அது இன்னொரு மாத்திரை போட்ட கணக்கு.)

லீவோடோபாவைத் தனியாக விழுங்கினால் அதில் நூற்றில் ஒரு பங்குகூட மூளைக்குப் போய்ச் சேர்வது அரிது. குடலிலும் இரத்தத்திலும் ஒரு நொதி அதை அங்கேயே டோபமைனாக மாற்றிவிடுகிறது. பலன் ஒன்றுமில்லை, குமட்டல்தான் மிச்சம். அதைத் தடுக்கத்தான் கார்பிடோபா சேர்க்கப்படுகிறது. கடையில் நாம் வாங்குவது ஏறக்குறைய எப்போதும் இந்த இரண்டும் சேர்ந்த மாத்திரையே.

ஆனால் ஒரு வளையை அடைத்தால் தண்ணீர் அடுத்த வளையில் வேகமாக இறங்கும். கார்பிடோபா முதல் வழியை அடைத்ததும், லீவோடோபா இன்னொரு நொதியிடம் சிக்குகிறது. அதன் முழுப்பெயர் கேட்டகால்-ஓ-மெத்தில்டிரான்ஸ்ஃபரேஸ். சுருக்கமாகக் ‘காம்ட்’ என்பார்கள். அமெரிக்க விஞ்ஞானி ஜூலியஸ் ஆக்சல்ராட் 1950-களின் கடைசியில் கண்டறிந்த நொதி இது. அவர் 1970-ல் நோபல் பரிசு பெற்றார். காம்ட் லீவோடோபாவில் ஒரு மெத்தில் துணுக்கை ஒட்டிவிடும். ஒட்டியதும் அது மூளைக்குப் பயன்படாத சரக்கு. போதாக்குறைக்கு அந்தச் சரக்கு சீக்கிரம் வெளியேறுவதும் இல்லை. லீவோடோபாவில் பாதி சுமார் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இந்தச் சரக்கு பாதியாக 15 மணி நேரம் பிடிக்கிறது. அதுவரை மூளையின் வாசலில் நின்றுகொண்டு, அடுத்த வேளை லீவோடோபா உள்ளே போகிற வழியில் இடித்துக்கொண்டிருக்கும். பருப்பு, முட்டை, தயிரில் உள்ள புரதமும் அதே வாசலில்தான் நெருக்கும். ‘மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி விடுங்கள்’ என்று மருத்துவர் சொல்வதன் காரணம் அதுவே.

என்டகபோன் அடைப்பது இந்தக் காம்ட் நொதியை. மூளைக்குள் அது போவதில்லை. குடலிலும் இரத்தத்திலும் கல்லீரலிலும்தான் அதன் காவல். அதன் ஆயுள் குறைவு என்பதால் ஒவ்வொரு வேளை லீவோடோபாவோடும் 200 மில்லிகிராம் போட வேண்டும். பெரிய சோதனைகளில் அது நோயாளிக்குக் கூட்டித்தந்தது சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 1 மணி நேர ‘நல்ல நேரம்’, அதாவது மருந்து வேலைசெய்து உடல் சொன்னபடி அசைகிற நேரம். சராசரி என்ற சொல்லை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

158-ஆம் இடம்

காம்ட் நொதியைச் செய்வதற்கான மரபணு 22-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 158-ஆவது இடத்தில் சிலருக்கு வாலின், சிலருக்கு மெத்தியோனின். மரபணுவில் ‘ஜி’ என்ற எழுத்து ‘ஏ’ ஆக மாறினால் வாலின் போய் மெத்தியோனின் வரும். மாற்றம் இவ்வளவுதான். ஆனால் மெத்தியோனின் வந்த நொதி நம் உடல் சூட்டிலேயே நிலைகுலைந்துபோகிறது. அதன் வேலைத்திறன் மூன்று, நான்கு மடங்கு குறைவு.

ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு இரண்டு படி: அம்மாவிடமிருந்து ஒரு நகல், அப்பாவிடமிருந்து ஒரு நகல். இரண்டும் வேகமான வாலின் வகையாக இருக்கலாம், இரண்டும் மெதுவான மெத்தியோனின் வகையாக இருக்கலாம், ஒவ்வொன்றாகக் கலந்தும் இருக்கலாம். ஐரோப்பிய வம்சாவளியில் இரண்டு வகையும் ஏறத்தாழச் சரிபாதி. ஆகவே நாலில் ஒருவர் முழு வேகம், நாலில் ஒருவர் முழு மெதுவு, மீதிப் பாதிப் பேர் கலப்பு. கிழக்காசிய மக்களிடம் வேகமான வகையே மிகுதி. இது நோயல்ல, குறையும் அல்ல. மூக்கு நீளம்போல ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசம். லீவோடோபா விழுங்குகிற நாள் வரை இதனால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

சோதனை

கொர்வோல் குழு கலப்பு வகையினரை விட்டுவிட்டது. முழு வேகக்காரர்கள் 17 பேர், முழு மெதுவானவர்கள் 16 பேர் என்று இரண்டு ஓரங்களிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டது. வித்தியாசம் ஏதாவது இருக்குமானால் அது ஓரங்களில்தான் முதலில் தெரியும்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை சோதனை. ஒரு முறை லீவோடோபாவோடு என்டகபோன். இன்னொரு முறை லீவோடோபாவோடு மருந்தில்லாத வெற்று மாத்திரை. எது முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. எது எது என்று நோயாளிக்கும் தெரியாது, சோதிக்கிற மருத்துவருக்கும் தெரியாது. இந்த ஏற்பாட்டில் ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒப்பீடு. ஒருவருடைய வயது, எடை, நோயின் முற்றல் எல்லாம் இரண்டு முறையும் அப்படியே இருப்பதால், மாறியது என்டகபோன் ஒன்றுதான்.

லீவோடோபா சோதனை என்றால் என்ன என்று பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். நோயாளி முந்தைய இரவிலிருந்தே பார்க்கின்சன் மாத்திரையை நிறுத்திவிட்டு வருவார். காலையில் அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். முகம் அசையாது, இமை கொட்டுவது குறைந்திருக்கும், நாற்காலியிலிருந்து எழ இரண்டு மூன்று முறை முயல்வார். மருத்துவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொல்வார். முதல் நாலைந்து தட்டு வரும். அப்புறம் விரல்களுக்கு நடுவே இடைவெளி சுருங்கிச் சுருங்கி நின்றுவிடும். உள்ளங்கையைத் திறந்து மூடச் சொல்வார். குதிகாலைத் தரையில் தட்டச் சொல்வார். கையைக் கட்டிக்கொண்டு எழச் சொல்வார், நடந்து திரும்பச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். பிறகு மாத்திரை. அதன்பின் இடைவெளி விட்டு விட்டு இதே சடங்கு மறுபடி மறுபடி, கூடவே இரத்தம் எடுப்பதும் நடக்கும். ஏதோ ஒரு சுற்றில் விரல் தட்டு திடீரென்று விரிந்து சீராகும். முகத்தில் ஆள் திரும்ப வந்துவிடுவார். அந்த நிலை எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதைத்தான் பாரிஸில் முக்கிய அளவுகோலாக வைத்தார்கள்.

முடிவு இது. என்டகபோன் சேர்த்ததால் நல்ல நேரம் வேகக்காரர்களுக்குச் சராசரி 39 நிமிடம் கூடியது. மெதுவானவர்களுக்கு 9 நிமிடம்.

நோயாளியோடு வீட்டில் இருந்தவர்களுக்கு 39 நிமிடம் என்றால் என்னவென்று தெரியும். தானே குளித்து, வேட்டி கட்டி, சட்டைப் பொத்தான் போட்டு, ஒரு வேளைச் சோற்றைத் தன் கையாலேயே பிசைந்து சாப்பிட்டு முடிக்கிற நேரம் அது. 9 நிமிடத்தில் பொத்தான்கூட முடியாது. அதிலும், ஆய்வறிக்கை அந்த 9-க்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 9 என்று போட்டிருக்கிறது. அந்தக் குழுவுக்கு என்டகபோன் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னாலும் கணக்கு மறுக்காது என்று அதற்குப் பொருள்.

நேரக் கணக்கு மட்டும் என்றால் நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன். இரத்தமும் அதையே சொன்னது. என்டகபோன் சேர்த்தபோது இரத்தத்தில் லீவோடோபாவின் மொத்த இருப்பு வேகக்காரர்களுக்கு 62% கூடியது, மெதுவானவர்களுக்கு 34%. நொதியின் வேலை எவ்வளவு அடங்கியது என்று அளந்தபோதும் வேகக்காரர்களிடமே கூடுதலாக அடங்கியிருந்தது. நொதி, இரத்தம், உடலசைவு என்று மூன்று படிகளில் அளந்து மூன்றும் ஒரே திசையைக் காட்டுவது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பதில்லை. காரணமும் எளிது. பெரிய வளையை அடைத்தால் மிச்சமாகும் தண்ணீர் அதிகம். ஏற்கெனவே சிறிதாக இருக்கிற வளையை அடைத்து எவ்வளவு மிச்சம் பிடித்துவிட முடியும்?

இதை எவ்வளவு தூரம் நம்பலாம்

இங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும். 33 பேர் என்பது சிறு எண்ணிக்கை. இரு குழுக்களின் நேர வித்தியாசத்துக்குக் கிடைத்த புள்ளியியல் மதிப்பு 0.04. இந்த மதிப்பு குறையக் குறைய, வித்தியாசம் தற்செயலாக வந்தது என்ற சந்தேகமும் குறையும். தேர்ச்சிக்கு அது 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும், ஆகவே தேறியது, ஆனால் உரசிக்கொண்டு தேறியது. சோதித்தது ஒரு வேளை மருந்தை மட்டும். வீட்டில் நோயாளி ஒரு நாளில் ஐந்து வேளை போடுகிறார், மாதக்கணக்கில் போடுகிறார். 2002-ல் கொரிய நோயாளிகளிடம் தொடர்ந்து என்டகபோன் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இந்த மரபணு வகையால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்று நான் நினைக்கவில்லை. ஒரு வேளையில் தெளிவாகத் தெரிகிற வித்தியாசம், நாள் முழுதும் பல வேளை, மலச்சிக்கல், தாமதமாகக் காலியாகும் இரைப்பை, மத்தியானச் சாப்பாடு என்று எல்லாம் கலக்கும்போது அமுங்கிப்போகலாம்.

பாதிப் பேர் கலப்பு வகை என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களைப் பற்றி பாரிஸ் சோதனை நேரடியாக எதுவும் சொல்லவில்லை.

ஆகவே, ‘என்டகபோன் எழுதுவதற்கு முன் காம்ட் மரபணுச் சோதனை செய்யலாமா டாக்டர்’ என்று கேட்டால், இன்றைக்கு என் பதில்: வேண்டாம். அந்தச் சோதனைக்குக் கொடுக்கிற பணத்தில் மாத்திரையையே சில வாரம் போட்டுப் பார்த்துவிடலாம். பலன் இருந்தால் தெரியும், இல்லாவிட்டால் நிறுத்தலாம். ஆனால் இந்த ஆய்வு வேறொரு காரியம் செய்திருக்கிறது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ‘உங்களுக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை’ என்ற கேள்விக்கு, நோயாளியின் மீது பழி போடாத ஒரு பதில் இருக்க முடியும் என்று அது நிமிடக் கணக்கில் காட்டிவிட்டது.

இதே காம்ட் நொதியை அடைக்கிற வேறு மருந்துகளும் உண்டு. டோல்கபோன் மூளைக்குள்ளும் போகும், வலுவும் அதிகம். ஆனால் சிலருடைய கல்லீரலைக் கெடுத்து உயிரையே எடுத்ததால் 1998-ல் ஐரோப்பாவில் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் கடும் கண்காணிப்போடு திரும்ப வந்தது. ஓபிகபோன் புதியது, நாளுக்கு ஒரு தடவை போட்டால் போதும். ஐரோப்பாவில் 2016-ல் அனுமதி பெற்றது.

மரபணு உரக்கப் பேசுகிற இடங்கள்

காம்ட் விஷயத்தில் மரபணு மெல்லப் பேசுகிறது. நோயையே உண்டாக்குகிற மரபணுக்கள் அப்படியல்ல.

1998-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பார்க்கின் என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதன் இரண்டு படியும் பழுதானால் நோய் 40 வயதுக்கு முன்பே, சிலருக்குப் பதின்ம வயதிலேயே வந்துவிடும். காலில் இழுப்போடு தொடங்குவது உண்டு. தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும். இவர்களுக்கு லீவோடோபா மிகக் குறைந்த அளவிலேயே பிரமாதமாக வேலை செய்யும். பலருக்கு அந்தப் பலன் பத்து, இருபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது. ஆனால் கை கால் தானாக நெளிந்து ஆடுகிற பக்கவிளைவு சீக்கிரமே, குறைந்த அளவிலேயே வந்துவிடக் கூடும். 25 வயதுப் பிள்ளைக்கு இந்த நோய் என்றால், அளவைத் தாராளமாகக் கூட்டும் முன் மரபணு பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே நான் ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டேன்.

ஜிபிஏ மரபணு இன்னொரு வகை. அதன் இரண்டு படியும் பழுதானால் காஷே நோய் என்ற குழந்தைப்பருவத்திலேயே தொடங்கக்கூடிய நோய் வரும். ஒரு படி மட்டும் பழுதானவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்று 5,691 நோயாளிகளை வைத்து 16 மையங்கள் சேர்ந்து செய்த ஆய்வு 2009-ல் காட்டியது. இவர்களுக்கும் லீவோடோபா கேட்கும். ஆனால் மறதியும் குழப்பமும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரக்கூடும். அதனால் நினைவை மங்கவைக்கிற டிரைஹெக்ஸிஃபெனிடில் போன்ற மருந்துகளை எழுதும்போது கை தயங்க வேண்டும். மூளையில் மின்முனை வைக்கிற அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுக்கும்போதும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த மரபணுக் கதையில் நம் வீட்டு அலமாரியில் இருக்கிற ஒரு மருந்தும் வருகிறது: அம்ப்ராக்சால். ஆமாம், சளியை இளக்குகிற அதே சிரப்பில் இருப்பது. ஜிபிஏ மரபணு செய்கிற நொதிக்கு அது கைகொடுக்கிறது என்று கண்டு, லண்டனில் 17 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2020-ல் வந்தது. மருந்து மூளைத் தண்டுவட நீர் வரை போய்ச் சேர்ந்தது. அவர்கள் நாளொன்றுக்குக் கொடுத்தது 1.26 கிராம். சளிக்குப் போடுகிற 30 மில்லிகிராம் மாத்திரையில் கணக்குப் பார்த்தால் 42 மாத்திரை. இதை வீட்டில் செய்து பார்க்கிற காரியமாக யாரும் நினைத்துவிடக் கூடாது. நோயின் போக்கை அது மாற்றுகிறதா என்பதற்கான பெரிய சோதனைக்கு பிரிட்டனில் ஏற்பாடு நடந்திருக்கிறது.

மூளையில் டோபமைன்போலவே வேலை செய்கிற பிராமிபெக்சோல், ரோபினிரோல் வகைப் பார்க்கின்சன் மருந்துகளில் இன்னொரு சங்கடம். சிலருக்கு அடக்க முடியாத சூதாட்டம், கடன் வாங்கியாவது பொருள் வாங்குவது, காம வேட்கை, ஓயாத தீனி என்று தலைகாட்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் கேட்டு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகை மருந்து போட்டவர்களில் 17.1% பேருக்கு இப்படி ஏதாவது ஒன்று இருந்தது, போடாதவர்களில் 6.9%. டோபமைனை வாங்கிக்கொள்கிற ஏற்பிகளின் மரபணு வித்தியாசம் இதில் பங்கு வகிக்கிறது என்பதற்கான தடயங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் ஒருவரை இரத்தச் சோதனையில் முன்கூட்டியே அடையாளம் காட்டுகிற அளவுக்கு அது வரவில்லை. அதுவரை வீட்டில் இருப்பவர்கள் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்வதுதான் வழி. ‘வயசான காலத்தில இவருக்கு ஏன் இப்படிப் புத்தி போகுது’ என்று மூடி மறைத்துக் குடும்பங்கள் உடைந்திருக்கின்றன. அது புத்தி அல்ல. பல நேரம் மாத்திரை.

காலண்டர் தாள்கள்

இந்த ஆய்வை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டதற்குக் காரணம் என் பெரியப்பா. 11 ஆண்டு நோயோடு இருந்தார். லீவோடோபா நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வேளைக்கு வேளை நடுவே அறுந்துபோக ஆரம்பித்தது. காலை 8 மணி மாத்திரை 11 மணியோடு தீர்ந்துவிடும். கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகிற வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். “கீழ யாரோ பிடிச்சு வச்சிருக்காப்ல இருக்குடா தம்பி” என்பார்.

என்டகபோன் சேர்த்தார்கள். முதல் வாரமே பெரியம்மா எனக்குப் போன் போட்டார், குரல் நடுங்க. “பெரியப்பாவுக்கு ஒண்ணுக்கு செவப்பாப் போகுதுப்பா. ரத்தமா?” ரத்தம் இல்லை. என்டகபோன் சிறுநீரைச் செம்பழுப்பாக்கும், அதனால் கெடுதல் எதுவும் இல்லை. இதை மாத்திரை கொடுக்கும்போதே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு கிழவர்கள் ஓர் இரவு முழுதும் தூங்காமல் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஆறு வாரம் ஆகியும் நல்ல நேரம் கூடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் சலித்துக்கொண்டார். இதே மாத்திரையில் இவரைவிட முற்றிய ஒருவர் நடமாடிக்கொண்டிருக்கிறாராம். “நேரத்துக்குப் போட்டாத்தானே கேட்கும்? ஒழுங்காப் போடுறதில்லபோல.” பெரியப்பா பதில் பேசவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு வாயே சரியாக வராது. பெரியம்மாதான் பையைத் திறந்தார்.

தினமும் கிழிக்கிற காலண்டர் தாள்களை அவர் தூக்கிப்போடவில்லை. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் எழுதியிருந்தார். ‘8.00 மாத்திரை. 8.50 எழுந்தார். 11.05 கால் ஒட்டுது. 11.30 மாத்திரை. 12.40 எழுந்தார், சாம்பார் சாதம் சாப்பிட்ட பிறகு போட்டது, லேட்.’ இப்படி 40 தாள்களுக்கு மேல். ஒரு வேளைகூடத் தவறவில்லை. என்டகபோன் சேர்ப்பதற்கு முந்தைய தாள்களும் அதில் இருந்தன. முன்னும் பின்னும் வைத்து நான் கூட்டிப் பார்த்தேன். ஒரு வேளைக்கு ஏழெட்டு நிமிட வித்தியாசம்கூட இல்லை.

அவருடைய 158-ஆம் இடத்தில் வாலினா மெத்தியோனினா என்று யாரும் சோதித்ததில்லை. பாரிஸில் அந்தப் 16 பேரில் ஒருவராக அவர் இருந்திருந்தால், அவர் தந்த எண்ணை ஒரு தகவலாகக் குறித்திருப்பார்கள். இங்கே அதே எண்ணுக்கு அவர் திட்டு வாங்கினார்.

வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பி, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, கால் மணி நேரம் பேசாமல் படித்தார். என்டகபோனை நிறுத்தினார். லீவோடோபா மொத்த அளவை அப்படியே வைத்து, நான்கு வேளையை ஆறு வேளையாகப் பிரித்தார். மதியப் பருப்பையும் தயிரையும் இரவுக்குத் தள்ளச் சொன்னார். மாத்திரை நேரங்களை எழுதித் தரும்போது பெரியம்மாவைப் பார்த்து, “அம்மா, இதே மாதிரி எழுதிக்கிட்டே வாங்க. அடுத்த தடவை வரும்போது இந்தத் தாளெல்லாம் எனக்கு வேணும்” என்றார்.

மூன்று வாரம் கழித்துக் கொண்டுபோன தாள்களில் ஒன்று என்னிடம் இருக்கிறது. பின்பக்கம் இப்படி இருக்கிறது: ‘10.30 மாத்திரை. 11.00 வாசல் வரைக்கும் தானாப் போனார். 12.15 இன்னும் நடக்கிறார்.’